பிரமாணப் பத்திரம்

பிரமாணப் பத்திரம் என்பது, ஒருவர் தாம் நேரில் அறிந்த செய்திகளை எழுத்தில் வடித்து, அவை உண்மை என்று ஆணையிட்டோ உறுதி கூறியோ, ஆணை செய்விக்கச் சட்டப்படி அதிகாரம் பெற்ற ஒருவரின் முன்னிலையில் கையெழுத்திடும் ஆவணம் ஆகும். பேச்சு வழக்கில் இது அபிடவிட் என்றும், அரசுப் படிவங்களில் ஆணையுறுதிப் பத்திரம், உறுதிமொழிப் பத்திரம் என்றும் வழங்கப்படுகிறது. இலங்கையில் சத்தியக் கடதாசி என்பது வழக்கு. நீதிமன்ற வழக்குகள், தேர்தல் வேட்புமனுக்கள், பெயர் வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல், காணாமற்போன ஆவணங்களுக்கு நகல் பெறுதல் முதலியவற்றில் இது பயன்படுகிறது.

இவ்வாறு ஆணை செய்விக்க இந்தியாவில் அதிகாரம் பெற்றவர்களுள் பொதுமக்கள் மிகுதியாக அணுகுபவர் சான்றுறுதி அலுவலர் ஆவார். இவரை மக்கள் நோட்டரி பப்ளிக் அல்லது நோட்டரி வக்கீல் என்று அழைக்கின்றனர்.

சொற்பொருள்

அபிடவிட் என்ற சொல் இடைக்கால இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. "அவர் ஆணையிட்டுக் கூறியிருக்கிறார்" என்பது அதன் பொருள். இந்தியாவின் பொதுப் பிரிவுகள் சட்டம், 1897, இச்சொல்லின் வரம்பை விரித்து, ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதி கூறச் சட்டம் அனுமதிக்கும் நபர்களின் உறுதிமொழியும் இதில் அடங்கும் என்கிறது. எனவே கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று எழுதினாலும் ஆவணத்தின் வலிமை குறைவதில்லை.

வரலாறு

தமிழ் மரபில்

எழுதப்பட்ட ஆவணத்தின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் வழக்கம் தமிழகத்தில் பழமையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று முதியவர் ஒருவர் ஓலை காட்டி வழக்குரைக்கும் நிகழ்ச்சி வருகிறது. சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலை மட்டுமே. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்படுகிறது. அவையோர் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புக் கூறுகின்றனர். மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு, ஒப்பீட்டுக்கான கையெழுத்து மாதிரி ஆகிய இன்றைய கருத்துகள் இக்கதையில் காணப்படுகின்றன.

கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்து வழக்கை முடித்துக்கொள்ளும் முறையும் ஊர்களில் இருந்து வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட இந்திய ஆணைகள் சட்டம், 1873, இவ்வழக்கத்துக்கு இடமளித்தது. ஒரு தரப்பார் தம் சமூகத்தில் பெரிதாக மதிக்கப்படும் சிறப்பு ஆணையை எடுக்க முன்வந்தால், நீதிமன்றம் அதை ஏற்று வழக்கைத் தீர்க்க முடிந்தது. சுதந்திர இந்தியா இயற்றிய ஆணைகள் சட்டம், 1969, அப்பிரிவுகளைத் தொடரவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில்

கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களில் இந்துக்களும் முசுலிம்களும் தத்தம் சமய முறைப்படி ஆணையிட வேண்டியிருந்தது. 1840 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இதற்குப் பதிலாக எளிய உறுதிமொழியைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் சமயக் காரணங்களால் ஆணையிட மறுத்த குவேக்கர்களுக்கு இவ்வுரிமை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்தது. சமய நம்பிக்கை இல்லாதவரும், ஆணையிடுவது தம் சமய நம்பிக்கைக்கு முரணானது என்று கூறுபவரும் உறுதி கூறலாம் என்ற நிலை அங்கு 1888 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது.

காவிரிக் கழிமுகப் பகுதியில் நீதிமன்றத் தமிழ் வளர்ந்ததில் மாயூரத்துக்கு ஓர் இடமுண்டு. தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய சாமுவேல் வேதநாயகம் பிள்ளை (1826 – 1889) தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் மாவட்ட முன்சீபாகப் பணியாற்றினார். ஆங்கிலத்தில் இருந்த மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் தமிழில் தந்தார். தாம் கையெழுத்திடும் தாளில் உள்ளதைத் தம் மொழியில் அறியும் தேவை வழக்காடுவோருக்கு இன்றும் உள்ளது.

சட்ட அடிப்படை

இந்தியாவில் பிரமாணப் பத்திரத்தைப் பல சட்டங்கள் நெறிப்படுத்துகின்றன.

- உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908: இதன் 139 ஆம் பிரிவு யார் முன்னிலையில் ஆணையிடலாம் என்று கூறுகிறது. நீதிமன்றம், நீதித்துறை நடுவர், சான்றுறுதி அலுவலர், உயர் நீதிமன்றம் இதற்கென நியமிக்கும் அலுவலர் ஆகியோர் இதில் அடங்குவர். பத்திரத்தில் எதை எழுதலாம் என்பதை 19 ஆம் கட்டளை வரையறுக்கிறது.
- ஆணைகள் சட்டம், 1969: ஆணை, உறுதிமொழி ஆகியவற்றின் வாசகங்களைத் தருகிறது. ஆணை எடுத்தவர் உண்மை கூறக் கடமைப்பட்டவர் என்கிறது.
- நோட்டரிகள் சட்டம், 1952: சான்றுறுதி அலுவலர்களின் நியமனத்தையும் பணிகளையும் வரையறுக்கிறது. இது 1956 பிப்ரவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது.
- இந்திய முத்திரைச் சட்டம், 1899: பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வையைக் குறிப்பிடுகிறது.

சாட்சியச் சட்டம் நீதிமன்றத்திலோ அலுவலரிடமோ அளிக்கப்படும் பிரமாணப் பத்திரங்களுக்குப் பொருந்துவதில்லை. 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்நிலை, அதன் இடத்தில் 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடர்கிறது. அதாவது, ஒருவர் ஆணையிட்டு எழுதிவிட்டார் என்பதாலேயே அது மெய்ப்பிக்கப்பட்ட சாட்சியம் ஆகிவிடாது. நீதிமன்றம் கேட்டாலோ சட்டம் அனுமதித்தாலோ மட்டுமே அது சாட்சியமாக ஏற்கப்படும். எழுதியவரைக் குறுக்கு விசாரணைக்கு அழைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

2002 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உரிமையியல் வழக்குகளில் சாட்சியின் முதல் விசாரணை கூண்டில் ஏறிச் சொல்வதற்குப் பதிலாகப் பிரமாணப் பத்திரமாகவே தாக்கல் செய்யப்படுகிறது. இத்திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் தீர்ப்பளித்து அவை செல்லும் என்று கூறியது.

பத்திரத்தின் அமைப்பு

பிரமாணப் பத்திரம் பொதுவாகப் பின்வரும் பகுதிகளைக் கொண்டிருக்கும்.

1. தலைப்பு: எந்த நீதிமன்றம் அல்லது அலுவலகத்தின் முன் தாக்கல் செய்யப்படுகிறது என்ற விவரம்.
2. ஆணையிடுபவரின் அடையாளம்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, முழு முகவரி.
3. உறுதிமொழி வாசகம்: கடவுள் பெயரால் ஆணை அல்லது உளமார்ந்த உறுதி.
4. செய்திகள்: எண்ணிட்ட பத்திகளில், ஒரு பத்திக்கு ஒரு செய்தி என்ற முறையில்.
5. சரிபார்ப்பு: எந்தப் பத்திகள் சொந்த அறிவின்படி உண்மை, எவை பிறர் கூறக் கேட்டு நம்பப்படுபவை என்ற குறிப்பு.
6. ஆணையிடுபவரின் கையெழுத்து: ஒவ்வொரு பக்கத்திலும் இடப்படும்.
7. முன்னிலைச் சான்று: எந்த நாளில், எந்த இடத்தில், யார் முன்னிலையில் ஆணை எடுக்கப்பட்டது என்று அதிகாரம் பெற்றவர் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் இடும் பகுதி.

இவற்றுள் இறுதிப் பகுதியே ஓர் எழுத்துமூல அறிக்கையைப் பிரமாணப் பத்திரம் ஆக்குகிறது. அது இல்லாத தாள் வெறும் கடிதமாகவே கருதப்படும்.

செய்திகளை எழுதும்போது சொந்த அறிவையும் நம்பிக்கையையும் பிரித்துக் காட்டுவது கட்டாயம். "என் தந்தை இந்த வயலைச் சாகுபடி செய்ததை நான் பார்த்திருக்கிறேன்" என்பது சொந்த அறிவு. "என் பாட்டனார் இதை விலைக்கு வாங்கினார் என்று என் தந்தை கூறினார்" என்பது கேள்வியறிவு. பின்னதை இடைக்கால மனுக்களில் மட்டுமே, நம்புவதற்கான காரணத்துடன் எழுதலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். அவ்வாறு வைக்கும்போது, பத்திரம் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது என்றும், அவர் அதைப் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்றும் முன்னிலைச் சான்றில் எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பத்திரத்தில் தமிழ் மட்டும் அறிந்தவர் கையெழுத்திடும்போதும் இதே முறை பின்பற்றப்படுகிறது.

சான்றுறுதி அலுவலர்

1952 ஆம் ஆண்டுக்கு முன் இந்தியாவில் சான்றுறுதி அலுவலர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயருடைய நீதிமன்றத்தின் வழியாக நியமனம் பெற்றனர். இன்று ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் நியமிக்கின்றன. பொதுவாகப் பத்தாண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள் ஆகியோருக்கு ஏழாண்டுகள் போதும். தொழில் நடத்தும் சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நியமிக்கப்பட்ட பகுதிக்குள் மட்டுமே அவர் செயற்பட முடியும்.

இவருடைய முத்திரை 5 செ.மீ. விட்டமுள்ள வட்டமாக இருக்க வேண்டும். அதில் அவருடைய பெயர், பகுதி, பதிவு எண், நியமித்த அரசின் பெயர் ஆகியவை இடம்பெறும். செய்யும் ஒவ்வொரு பணியையும் அவர் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் சரிபார்க்க உதவுவது இப்பதிவேடே. எனவே பத்திரத்தில் பதிவேட்டு வரிசை எண் எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது.

ஆணை எடுக்கும் முறை எளியது. ஆணையிடுபவர் நேரில் வர வேண்டும். அலுவலர் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து, பத்திரத்தின் பொருளை அவர் அறிந்திருக்கிறாரா, வற்புறுத்தலின்றி வந்திருக்கிறாரா என்று கேட்டறிய வேண்டும். பிறகு ஆணையைச் சொல்லச் செய்து, தம் கண்முன் கையெழுத்துப் பெற வேண்டும். முன்பே கையெழுத்திட்ட தாளை வேறொருவர் கொண்டுவர, அதில் முத்திரை குத்துவது தவறாகும். தொழில் ஒழுங்கீனம் நிறுவப்பட்டால் அலுவலரின் பெயரைப் பதிவிலிருந்து நீக்க அரசுக்கு அதிகாரம் உண்டு.

சான்றுறுதி அலுவலர் பத்திரத்தில் உள்ள செய்திகள் உண்மை என்று சான்றளிப்பதில்லை. இன்னார், இந்த நாளில், தம் முன்னிலையில் ஆணையிட்டுக் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே அவர் சான்று. உண்மைக்குரிய பொறுப்பு முழுவதும் ஆணையிட்டவரைச் சாரும்.

முத்திரைத்தாள்

நீதிமன்றத்தில் உடனே தாக்கல் செய்வதற்காக எழுதப்படும் பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையிலிருந்து விலக்கு உண்டு. பிற பயன்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் 20 ரூபாய் முத்திரைத்தாள் வழக்கில் இருந்தது. திருத்தச் சட்டத்தின்படி 2024 மே முதல் இத்தீர்வை 200 ரூபாயாக உயர்ந்தது. முத்திரைத்தாள் என்பது அரசுக்குச் செலுத்தும் தீர்வைக்கான அடையாளமே. கூடுதல் மதிப்புள்ள தாளில் எழுதுவதால் பத்திரத்தின் நம்பகத்தன்மை கூடுவதில்லை.

குத்தாலம் வட்டத்தில் பயன்பாடு

குத்தாலம், மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையில் காவிரியின் தென்கரையில் அமைந்த பேரூராகும். இது தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலத்தினின்றும் வேறானது. நெல் வேளாண்மை முதன்மையான இப்பகுதியில் பிரமாணப் பத்திரத்தின் தேவை பெரும்பாலும் நிலத்தையும் பெயரையும் சார்ந்து எழுகிறது.

ஒரே வயல் வெவ்வேறு காலத்து ஆவணங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயருடன் காணப்படுவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1991 வரை இப்பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991 இல் தோன்றிய புதிய மாவட்டம் தொடக்கத்தில் நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்றும், 1997 முதல் நாகப்பட்டினம் மாவட்டம் என்றும் வழங்கியது. 2020 திசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. மாயூரம் என்ற ஊர்ப்பெயரும் 1982 இல் மயிலாடுதுறை என மாறியது. இம்மாற்றங்கள் அரசாணைகளால் ஆனவை என்பதால், அரசாணையைக் காட்டி விளக்கலாம். தனி மனிதரின் பெயர் வேறுபாடு அப்படியன்று. பழைய பத்திரத்தில் "கலியமூர்த்தி" என்றும், பட்டாவில் தந்தை பெயரின் முதலெழுத்துடன் "கோ. கலியமூர்த்தி" என்றும், ஆதார் அட்டையில் தந்தை பெயர் முழுவதும் சேர்ந்தும் இருந்தால், மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று அவரே ஆணையிட்டுக் கூறும்படி அலுவலகங்கள் கேட்பதுண்டு.

குடும்பத் தலைவர் இறந்தபின் பட்டா மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ் தேவைப்படுகிறது. இதை வழங்குபவர் வட்டாட்சியர். வாரிசுகள் யாவர் என்று எழுதப்பட்ட பிரமாணப் பத்திரம் விசாரணைக்குத் துணை செய்யுமே தவிர, சான்றிதழுக்கு மாற்றாகாது. அதில் வெளியூரில் வாழும் மகளையோ, முன்னரே இறந்த மகனின் பிள்ளைகளையோ விட்டுவிட்டால், அது எளிய பிழையன்று. பொய் ஆணை என்ற குற்றச்சாட்டுக்கும், பின்னர் பாகப்பிரிவினை வழக்குக்கும் அது வழிவகுக்கலாம்.

கழிமுக உழவர்களின் கூட்டு நலன் ஒன்றும் இவ்வாவணத்துடன் தொடர்புடையது. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983 இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்தது. நீதிப்பேராணை மனுக்கள் பிரமாணப் பத்திரத்தின் ஆதரவுடனேயே தாக்கல் செய்யப்படுகின்றன. அம்மனுவின் மீது 1990 மே 4 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணையைத் தொடர்ந்து, ஒன்றிய அரசு 1990 சூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றத்தை அமைத்தது.

எவற்றுக்குப் பயன்படாது

- நில விற்பனை: நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால் மட்டுமே நிறைவேறும். சான்றுறுதி அலுவலரின் முத்திரை பெற்ற தாளைக் கொண்டு நிலத்தை வாங்கியவருக்கு உரிமை மாறுவதில்லை. பொது அதிகார ஆவணம், விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றின் வழியாக நடைபெறும் விற்பனைகள் உரிமையை மாற்றா என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரச் லாம்ப் வழக்கில் தெளிவுபடுத்தியது. குத்தாலம் பகுதியில் இத்தகைய ஆவணங்கள் குத்தாலம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டியவை.
- திருமணம், மணமுறிவு: சான்றுறுதி அலுவலர் திருமணம் செய்து வைக்கவோ மணமுறிவு வழங்கவோ இயலாது. ஒன்றிய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் இதை வலியுறுத்திச் சுற்றறிக்கை அனுப்பியது.
- கடவுச்சீட்டு: முன்பு பல இணைப்புகள் பிரமாணப் பத்திரங்களாகக் கேட்கப்பட்டன. 2016 திசம்பரில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, அவற்றை வெள்ளைத்தாளில் தன்னுறுதியாக அளித்தால் போதும்.

கல்வி, வேலைவாய்ப்பு விண்ணப்பங்களிலும் தன்சான்று முறையை 2014 முதல் ஒன்றிய அரசு ஊக்குவித்து வருகிறது. ஆகவே பணம் செலவிடுமுன், கேட்கும் அலுவலகத்தின் விதிகளில் பிரமாணப் பத்திரம் உண்மையிலேயே கட்டாயமா என்று பார்ப்பது பயனுள்ளது.

தேர்தலில்

வேட்பாளர்கள் தம் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. 2003 மார்ச்சில் வந்த மற்றொரு தீர்ப்பு இதை உறுதி செய்தது. இன்று படிவம் 26 இல் இவ்விவரங்கள் ஆணையுடன் அளிக்கப்படுகின்றன. பத்திகளை நிரப்பாமல் விடும் வேட்புமனுவை நிராகரிக்கலாம் என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இப்பத்திரங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதால், வாக்காளர் எவரும் தம் தொகுதி வேட்பாளரின் ஆணையைப் படிக்க முடியும்.

பொய்ப் பிரமாணம்

ஆணையிட்டுப் பொய் கூறுவது பாரதிய நியாய சன்ஹிதா, 2023 இன் 227 ஆம் பிரிவின்படி பொய்ச் சாட்சியம் ஆகும். 229 ஆம் பிரிவின்படி, நீதிமன்ற நடவடிக்கையில் இக்குற்றத்துக்கு ஏழாண்டுகள் வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும், பிற சூழல்களில் மூன்றாண்டுகள் வரை சிறையும், ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். 2024 சூலைக்கு முன் இவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 191, 193 ஆம் பிரிவுகளாக இருந்தன. நீதிமன்ற நடவடிக்கையில் அளிக்கப்பட்ட பொய்க்காக எதிர்த்தரப்பினர் நேரடியாக வழக்குத் தொடர இயலாது. அந்த நீதிமன்றமே எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும்.

பிற நாடுகளில்

இலங்கையில் சத்தியக் கடதாசி சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் முடிக்கப்படுகிறது. அங்கு பிரசித்த நொத்தாரிசு என்பவரின் முதன்மைப் பணி காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துவதாகும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும். பிரான்சு போன்ற நாடுகளிலும் நொத்தேர் எனப்படும் அலுவலர் ஆவணத்தைத் தாமே வரைந்து காப்பவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் குத்தாலத்துக்கு அருகிலுள்ள காரைக்காலிலும் அம்முறை இருந்தது.

ஒரு நாட்டில் சான்றுறுதி பெற்ற ஆவணத்தை மற்றொரு நாட்டில் ஏற்பதற்காக 1961 இல் ஏக் நகர உடன்படிக்கை உருவானது. இதன்படி ஆவணத்தில் இணைக்கப்படும் சான்று அப்போசுடைல் எனப்படுகிறது. இந்தியாவுக்கு இவ்வுடன்படிக்கை 2005 சூலை 14 முதலும், சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பர் 16 முதலும் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் இச்சான்றை வழங்குவது வெளியுறவு அமைச்சகம். உறுப்பினர் அல்லாத நாடுகளுக்கு அனுப்பும் ஆவணங்களில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் ஒப்புதலைத் தனியாகப் பெற வேண்டும்.